திப்பு வண்டியில் ஏறினாள்

கோவிந்தப்பாவின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்த காலையில், அவருடைய மருமகள் கறுப்பு சுடிதார் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். லிங்கராஜபுரத்தின் அந்தச் சின்னச் சந்தில் ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தன் ஊர் வழக்கப்படி இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே குவித்து, எல்லோரையும் வணங்கினாள்.

"கறுப்புச் சட்டைக்காரங்க மாநாடு இங்கதான்னு இவளுக்கு யாரு சொன்னது?" என்று மரகதம் பக்கத்து நாற்காலிக்காரியிடம் கேட்டார். அவளுக்கும் கேட்கட்டும் என்றுதான் கேட்டார்.

மரகதம், கோவிந்தப்பாவின் ஒரே தங்கை. பிறந்தது இதே சந்தில், பௌத்தக் குடும்பத்தில். மல்லேஸ்வரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு புகுந்த வீட்டுச் சாமிகளையும் சடங்குகளையும் அப்படியே எடுத்துக்கொண்டார். பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் இங்கே எதெது குறைகிறது என்று சொல்லிவிட்டுப் போவார். இன்றைக்குச் சங்கு இல்லை, மேளம் இல்லை, வாய்க்கரிசி இல்லை. அண்ணன் தலைமாட்டில் ஒரு புத்தர் படமும் இரண்டு மெழுகுவர்த்தியும் மட்டும் இருந்தன. ஏற்கெனவே அதில் மனம் ஆறாமல் இருந்தவருக்கு இந்தக் கறுப்பு சுடிதார் வேறு.

மருமகள் தாய்லாந்துக்காரி. கோவிந்தப்பாவின் மகன் பிரகாஷ் புக்கெட்டில் ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் வேலை பார்த்தபோது அதே ஹோட்டலின் சலவைப் பிரிவில் அவளைச் சந்தித்தான். கல்யாணம் ஆனதும் அவனுக்கு உல்லாசக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது. பெண்டாட்டியை அப்பாவிடம் விட்டுவிட்டு வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் இருந்தான். அவள் பெயர் ஃபோன்திப். ஃபோன் என்றால் அவர்கள் மொழியில் மழை. ஆனால் வீட்டில் யாராவது "ஃபோன் எங்கே?" என்று கேட்டால் எல்லோரும் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தார்கள். அதனால் கோவிந்தப்பா பின்பாதியை எடுத்துக்கொண்டு திப்பு என்று கூப்பிட ஆரம்பித்தார். கர்நாடகாவில் இந்தப் பெயருக்கு விளக்கமே தேவையில்லை என்பார். காய்கறிக்காரர் முதல் சிலிண்டர் போடுகிறவர் வரை அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது.

கோவிந்தப்பா கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய கிளப்பில் பில்லியர்ட்ஸ் மேசையில் ஆட்டக் கணக்குக் குறிக்கும் மார்க்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்திலிருந்தே பௌத்தக் குடும்பம். பௌத்தருக்குக் கோவிந்தப்பா என்று எப்படிப் பெயர் வந்தது என்று கேட்டால், "பேர் வச்சது எங்கம்மா வீட்டுக்காரங்க. நான் அப்போ தூங்கிட்டிருந்தேன்" என்பார். யாரையும் சீண்டாமல் அவரால் ஒரு டீ குடிக்க முடியாது. திப்புவுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அதனால் அவள் பேசும் தமிழ் அறுபது எழுபது வயது ஆம்பளையின் தமிழாக இருந்தது. பால்காரரைப் பார்த்து, "இன்னாப்பா, லேட்டு?" என்பாள்.

கறுப்பு சுடிதாரைப் பார்த்ததும் யசோதா எழுந்து வந்தாள். யசோதா, பிரகாஷின் அக்கா. கார்மென்ட்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். துக்கம் என்றாலும் அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. திப்புவை உள்ளே அழைத்துப்போய், செத்துப்போன அம்மாவின் வெள்ளைப் புடவை ஒன்றை எடுத்து அவளுக்குக் கட்டிவிட்டாள். திப்புவின் ஊரில் சாவு வீட்டுக்குக் கறுப்புதான். இங்கே வெள்ளை என்று மாமனார் சொல்லித்தரவில்லை. தன் சாவைப் பற்றி அவர் அவ்வளவு விவரமாக யோசித்திருக்கவில்லை போலும். புடவை நிற்க நாலைந்து ஊக்கு தேவைப்பட்டது. யசோதா அழுதுகொண்டே ஊக்குக் குத்தினாள். திப்பு அழவில்லை. அதையும் மரகதம் பார்த்து வைத்துக்கொண்டார்.

வெயில் ஏறியதும் அடுத்த விஷயம் நடந்தது. வீட்டுக்குப் பின்பக்கமிருந்து இஞ்சி வாசனை வந்தது. பூண்டு வதங்கும் வாசனையும் வந்தது. மரகதம் மூக்கை உயர்த்தினார். பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்பு எரிகிறது.

யசோதா சமையல்கட்டுக்கு ஓடினாள். வீட்டிலேயே பெரிய பாத்திரத்தில் திப்பு கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஊரில் சாவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சூடாகக் கஞ்சி கொடுக்காமல் அனுப்புவது அவமரியாதை. மாமனாருக்கு மரியாதை குறையக் கூடாது என்று காலையிலேயே அரிசி ஊறப்போட்டிருந்தாள். உடம்பை எடுக்கும் வரை அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பது இந்தச் சந்து முழுக்க நடக்கிற வழக்கம். ஆனால் அப்பா இருந்திருந்தால் எந்த புத்தர் அப்படிச் சொன்னார், அவர் அட்ரஸைக் கொடு என்று கேட்டிருப்பார். அவள் வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே திப்பு முதல் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

"குடிங்க அண்ணி. சாப்ட்டா தெம்பா அழலாம்பா."

யசோதா நேற்று மத்தியானத்திலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. நின்றபடியே குடித்து முடித்தாள்.

வெளியே கிண்ணங்கள் போனபோது முதலில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். பக்கத்து வீட்டு சில்வெஸ்டர்தான் முதலில் கை நீட்டினார். அவர் கிறிஸ்தவர், சர்ச் பாடகர் குழுவில் முப்பது வருஷமாகத் தாழ்ந்த குரல் பாடுகிறவர், கோவிந்தப்பாவோடு தினமும் கேரம் ஆடியவர். தனக்குச் சர்க்கரை இருப்பதாகவும் மருந்து போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் தலை சுற்றும் என்றும் எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினார். அதைக் கேட்டதும் ஷாமியானாவில் நிறையப் பேருக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்தது. மரகதத்துக்கும் இருந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து ஒரு கிண்ணம் குடித்தார். உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொன்று வாங்கினார்.

யசோதாவின் கணவன் ராகேஷ் இதற்கெல்லாம் நடுவே ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலைந்தான். அதில் பிரகாஷ் இருந்தான். கப்பல் நார்வே பக்கம் எங்கேயோ இருந்தது, கரை சேர இன்னும் நாளாகும். நடுநடுவே நெட்வொர்க் போய், பிரகாஷ் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோனான். ராகேஷ் பொறுமையாகக் காத்திருந்து, அவன் திரும்ப அசைய ஆரம்பித்ததும் அப்பாவின் முகத்தை இன்னொரு தரம் காட்டினான்.

பிற்பகலில் பிக்கு வந்து திரிசரணமும் பஞ்சசீலமும் சொன்ன பிறகு உடம்பை எடுப்பதாக ஏற்பாடு. அவர் கோலார் தங்கவயலில் ஒரு நிகழ்ச்சி முடித்துக்கொண்டு காரில் வந்துகொண்டிருந்தார். டின் ஃபேக்டரி சிக்னல் வரை வந்துவிட்டதாகச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோதும் டின் ஃபேக்டரியில்தான் இருந்தார்.

"எல்லாமே மாறும்னு போதிக்கிறவரு. சிக்னல் மட்டும் மாற மாட்டேங்குது அவருக்கு" என்றார் சில்வெஸ்டர்.

மின்மயானத்தில் கொடுத்த நேரம் நெருங்கிவிட்டது. நீங்களே சொல்லி எடுத்துவிடுங்கள், நேரே கல்பள்ளி மயானத்துக்கு வந்துவிடுகிறேன் என்று பிக்கு கடைசியாகச் சொல்லிவிட்டார். யார் சொல்வது என்ற கேள்வி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் விகாரையில் எல்லோரும் கூட்டமாகச் சொல்கிறவர்கள்தான். கூட்டத்தில் வாய் தானாக ஓடும், தனியாக ஆரம்பிப்பது என்றதும் ஒவ்வொருவரும் பக்கத்திலிருப்பவரைப் பார்த்தார்கள். யாரும் முன்வரவில்லை என்றால் தான் வேண்டுமானால் நல்லதாக ஒரு பாட்டுப் பாடலாம், அதில் இயேசு பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் வரும் என்று சில்வெஸ்டர் மெதுவாகச் சொன்னார். அப்போதுதான் யாரோ திப்புவைக் கைகாட்டினார்கள். அவள் ஊரில் தெருவுக்குத் தெரு பிக்குகள். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

திப்பு பயந்துபோனாள். அவள் ஒன்றும் பெரிய பக்திக்காரி இல்லை. பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமைகளில் வரிசையில் நின்று சொன்னதோடு சரி. ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடி ஆரம்பித்தாள்.

"புத்தங் சரணங் கச்சாமி."

ஒவ்வொரு சொல்லும் மூக்குக்குள் போய் முடிந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். திப்பு கண்ணைத் திறக்காமல் அடுத்த வரிக்குப் போனாள். யசோதா அவள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்துகொண்டாள்.

"புத்தம் சரணம் கச்சாமி" என்று யசோதா சொல்ல, அவளோடு மற்றவர்களும் சேர, மூக்கும் வாயுமாகக் கலந்து அது சந்து முழுக்கக் கேட்டது. சில்வெஸ்டர் வார்த்தை தெரியாமல் அடிக்குரலில் சுருதி பிடித்தார். மூன்றாவது தரம் சொல்லும்போது யாரும் இருமவில்லை. மரகதம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரி பிற்பாடு வேறு மாதிரி சொன்னாள். சின்ன வயசில் கற்றது, ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லையாம்.

முடிந்ததும் மரகதம் மூக்கைச் சிந்திக்கொண்டு, "இங்கேருந்து போன மந்திரந்தானே. அங்க போயி ஜலதோஷம் புடிச்சிக்கினு திரும்பி வந்திருக்கு" என்றார். அன்றைக்கு முதல் முறையாக யசோதா சிரித்தாள். சிரித்ததும் அழுகை வந்துவிட்டது.

உடம்பை வண்டியில் ஏற்றினார்கள். பக்கவாட்டில் இரண்டு பெஞ்சு வைத்த வேன் அது. ஆண்கள் ஏறவும் பைக்குகளிலும் ராகேஷின் டெம்போவிலும் பின்னால் போகவும் தயாரானார்கள். பெண்கள் சந்து முனையில் இருக்கும் பேக்கரி வரை நடந்துவந்து நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் போகிற வழக்கம் இல்லை. பௌத்தம் இதைச் சொல்லவில்லை. யாரும் தனியாகச் சொல்லவும் இல்லை. ஆனால் எல்லோரும் பேக்கரியோடு நின்றார்கள்.

யசோதாவுக்கு அந்த பேக்கரி மேல் ஒரு பழைய கோபம் உண்டு. அம்மா செத்தபோது அவள் அங்கேதான் நிறுத்தப்பட்டாள். அதற்கு முந்தின ஞாயிறுதான் விகாரையில் அப்பா ஆணும் பெண்ணும் சமம் என்று அரை மணி நேரம் பேசிக் கைதட்டு வாங்கியிருந்தார். அன்றைக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் வருஷக்கணக்காக அவள் அதைச் சொல்லிச் சொல்லி அவரை வறுத்தெடுத்தாள். வாய்ப்பேச்சில் யாருக்கும் மசியாதவர், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும், அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விடுவார்.

இப்போது அவள் பேக்கரிக்கு முன்னால் நின்றாள். வேன் மெதுவாக வந்து நின்றது. பின்கதவை மூடப்போகும் நேரத்தில், பூப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு திப்பு கூட்டத்தை விலக்கி வந்தாள். ஒரு கையால் புடவையைத் தூக்கிப் பிடித்தாள். ஏறினாள். மாமனாரின் கால்மாட்டில், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மரகதம் இறங்கச் சொல்லிக் கை காட்டினார். திப்பு அவரைப் பார்த்து மரியாதையாகக் கை குவித்தாள். ராகேஷ் உள்ளே எட்டிப்பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்து, மாமனாரின் உடம்புக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஃபோனைப் பார்த்தான். ஃபோனில் பிரகாஷ் உறைந்திருந்தான்.

"யசோ, அவளுக்கு ஒண்ணும் புரியல. நீ ஏறிப் போயி எறக்கிக் கூட்டிக்கினு வா" என்றார் மரகதம்.

யசோதா ஏறினாள். திப்புவின் பக்கத்தில் போய் நின்றாள். திப்பு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். யசோதா உட்கார்ந்தாள்.

மரகதம் அவள் பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டார்.

"பாஷை தெரியாத பொண்ணு அத்தை. தனியா எப்படி அனுப்பறது?" என்றாள் யசோதா. பிறகு டிரைவரைப் பார்த்துக் கன்னடத்தில், "ஹோகோண அண்ணா" என்றாள். அவருக்கு இந்தக் குடும்பத்தின் வழக்கம் எதுவும் தெரியாது. வண்டியை எடுத்துவிட்டார்.

கல்பள்ளியில் ஊழியர் ஒருவர் வந்து, மகன் யார் என்று கேட்டார். ராகேஷ் ஃபோனைத் தூக்கிக் காட்டினான். அவர் ஃபோனைப் பார்த்தார், ராகேஷைப் பார்த்தார். எத்தனையோ பார்த்தவர், இதற்கும் முகம் மாறவில்லை. "பட்டன் யாரு அழுத்தறீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"நான் மகள். நான் அழுத்தறேன்" என்றாள் யசோதா. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபோனுக்குள்ளிருந்து பிரகாஷின் குரல் தெளிவாக வந்தது. அக்காதான் அழுத்த வேண்டும் என்று சொன்னான். சரியான நேரத்தில் நெட்வொர்க் கிடைத்தது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான்.

அந்த நேரத்தில் பிக்கு வந்து சேர்ந்தார். காவி அங்கி முதுகில் வியர்வையில் ஒட்டியிருந்தது. நடுத்தர வயது, கலபுரகிப் பக்கத்துக்காரர். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, சுருக்கமாக ஓதினார். திப்பு மாமனாரின் கால்களில் பூக்களை வைத்தாள். யசோதா முகத்தைத் தொட்டாள். மேடை உள்ளே நகர்ந்தது, கதவு இறங்கியது. யசோதா பட்டனை அழுத்தினாள். அவள் அழவில்லை. நிமிர்ந்து நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் பிக்கு திப்புவைக் கவனித்தார். எந்த ஊர் என்று யாரையோ கேட்டுத் தெரிந்துகொண்டு அவளிடம் வந்தார். வாலிபத்தில் சில வருஷம் தாய்லாந்தில் ஒரு மடத்தில் படித்தவர் அவர். மறந்துபோன பாஷையைத் தேடி எடுப்பதுபோல் நெற்றியைச் சுருக்கி, அவளிடம் அவள் மொழியில் ஒரு வாக்கியம் சொன்னார்.

திப்பு அவரைப் பார்த்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், குழந்தை மாதிரித் தேம்பித் தேம்பி அழுதாள். பிக்கு பதறிப்போய் இரண்டடி பின்னால் போனார். யசோதா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். சாமி அப்படி என்ன உபதேசம் செய்தாரோ என்று ஆண்கள் பயபக்தியோடு ஒதுங்கி நின்றார்கள்.

தேம்பல் கொஞ்சம் அடங்கியதும் யசோதா அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"சாப்ட்டியான்னு கேட்டாரு" என்றாள் திப்பு.

கோவிந்தப்பா திப்புவின் மொழியில் கற்றுக்கொண்ட ஒரே வாக்கியம் அதுதான். தினமும் காலையில் மாடிப்படியின் கீழே நின்று, தப்பும் தவறுமாக அதைக் கத்துவார். யசோதா பலமுறை கேட்டிருக்கிறாள். அப்பா ஏதோ திட்டுகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"ஊரையே ஊட்டி விட்டுட்டு நீ சாப்பிடலையா?" என்று கேட்டாள் யசோதா. திப்பு இல்லை என்று தலையாட்டினாள். பிக்கு தன் பையில் துழாவி இரண்டு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார். டின் ஃபேக்டரியில் நின்ற நேரத்தில் கார் ஜன்னல் வழியாக வாங்கியது என்றார்.

ஆளுக்கொரு பழத்தோடு இருவரும் ராகேஷின் டெம்போவில் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்கள். வண்டி பாலம் ஏறியது. பிறகு யசோதா அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பொம்பளைங்க வர மாட்டாங்கன்னு உனக்கு நெஜமாவே தெரியாதா?"

திப்பு பழத்தோலை அழகாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் அண்ணி. மாமா சொல்லியிருக்காரு. பேக்கரி கதையும் சொன்னாரு."

"அப்புறம் எதுக்குடி ஏறினே?"

"நான் எறங்கலைன்னா கூட்டிட்டு வர உங்களைத்தானே அனுப்புவாங்க."

யசோதா அவளைத் திரும்பிப் பார்த்தாள். இந்தத் திருட்டுத்தனத்தை யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று கேட்க வேண்டியதே இல்லை. யசோதா சிரித்த சிரிப்பில் ராகேஷ் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தான். சுடுகாட்டிலிருந்து வருகிற வண்டி மாதிரி இல்லையே என்று முன் சீட்டில் இருந்த சில்வெஸ்டரிடம் முணுமுணுத்தான்.

வீட்டு வாசலில் மரகதம் ஒரு வாளித் தண்ணீரோடு காத்திருந்தார். உள்ளே போகும் முன் இருவரும் கால் கழுவ வேண்டும் என்றார். கழுவினார்கள். தலையிலும் தெளித்துக்கொள்ளச் சொன்னார். தெளித்துக்கொண்டார்கள். அடுத்தது திட்டுதான் என்று யசோதா தயாராக நின்றாள். ஆனால் மரகதம் அவளைத் தள்ளிக்கொண்டுபோய், யாரும் இல்லாத மாடிப்படியில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். திப்புவையும் கையைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கம் உட்காரவைத்தார்.

"எங்கப்பனையும் நான் பார்க்கல. எங்கூட்டுக்காரரையும் பார்க்கல. இப்போ இவன்" என்றார். "உள்ள எப்படி இருக்கும்? எங்க வச்சீங்க, என்ன பண்ணாங்க? ஒண்ணு விடாம சொல்லு."

யசோதா முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். விட்டுப்போனதைத் திப்பு சேர்த்துக்கொண்டாள். ராகேஷ் ஃபோனைத் தூக்கிக் காட்டிய இடம் வந்தபோது மரகதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அண்ணன் முகம் கடைசியில் எப்படி இருந்தது என்று கேட்டார். தூங்குகிற மாதிரி இருந்தது என்றாள் யசோதா. யாரையோ கிண்டல் பண்ணிட்டுத் தூங்கிட்ட மாதிரி என்றாள் திப்பு. மரகதம் தலையாட்டினார். பிறகு, கதவு இறங்கினதைத் திரும்ப ஒருதரம் சொல்லு என்றார்.